மாப்பிள்ளை வீட்டு வண்டி

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே நான் கார் தள்ளினேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் நான். அந்த நாளுக்கென்றே தைத்த வெள்ளைச் சட்டையில் இருந்தேன். மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எனக்குக் காலை முறை. காலை முறை ஊழியர்கள் எங்கள் நாலு பேரையும் வீடு வீடாக வந்து ஏற்றிப் போகும் ஒப்பந்தக் கார், மேம்பாலத்தின் ஏற்றத்தில் நின்றுவிட்டது.

"தம்பி புதுசா? இறங்குங்க. இந்த வண்டியில படிப்புக்கு மரியாதை கிடையாது," என்றார் ஓட்டுநர்.

பின்சீட்டில் இருந்த நர்ஸ் அக்கா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். "வண்டிய அவரு வாங்கினாரு. தள்ளுறதுக்கு எங்கள வாங்கினாரு," என்றார்.

அப்படித்தான் எனக்கு ஓட்டுநர் 'காந்தம்' அறிமுகமானார். அந்தப் பெயர் வந்த காரணத்தைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பழைய கார் வாங்கப் போகிறவர்கள், பெண் பார்க்கப் பெரியவரை அழைத்துப் போவதுபோல, இவரைத்தான் அழைத்துப் போவார்களாம். பையில் துணி சுற்றிய சின்னக் காந்தம் ஒன்று எப்போதும் இருக்கும். கதவில் வைத்துப் பார்ப்பார். ஒட்டாமல் வழுக்கினால், அடிபட்ட இடத்தில் பட்டி பூசிப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள் என்று பொருள். அதற்கும் முன்னால் பானெட்டைத் தொடுவார். அது ஆறிக் கிடக்க வேண்டும். "சூடா இருந்தா, நாம வர்றதுக்கு முன்னாடியே எழுப்பி முகம் கழுவி விட்டிருக்காங்கன்னு அர்த்தம்." கடைசியில் எஞ்சின் ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கம் பார்ப்பார். பால் நுரைபோல ஒட்டியிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. அப்புறம் அந்த வண்டியின் பக்கம் திரும்பக்கூட மாட்டார்.

அவருடைய சொந்த வண்டியும் பார்த்து வாங்கியதுதான். ஓடி ஓடித் தேய்ந்துவிட்டது, அவ்வளவுதான். ஆனால் நாங்கள் தாமதமாகப் போன ஒரு காலையில், மருத்துவமனையின் போக்குவரத்து மேற்பார்வையாளர் எங்கள் முன்னாலேயே சொன்னார்: "இந்த மாசத்தோட வண்டிய மாத்துங்க. உங்க இடத்துக்கு ஆள் வரிசையில நிக்குது." காந்தம் தலையாட்டினார். அவர் வீட்டு அடுப்பு எரிவதே அந்த ஒப்பந்தத்தில்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வண்டி தேடப் போனபோது நானும் கூடப் போனேன். ஒரு விற்பனைக் கொட்டகையில் தரகர் சிவப்புக் கார் ஒன்றைக் காட்டினார். "ஒரே ஓனர், டாக்டர் வண்டி. வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும்தான் ஓடுச்சு. மீட்டரப் பாருங்க."

காந்தம் மீட்டரைப் பார்க்கவில்லை. குனிந்து பிரேக் பெடலைப் பார்த்தார். மேலிருந்த ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருந்தது.

"ஆஸ்பத்திரி எந்த நாட்டுல?" என்று கேட்டார். தரகர் அதோடு எங்களுக்கு நாற்காலி போடுவதை நிறுத்திக்கொண்டார்.

பிறகு, ஓய்வுபெற்ற வங்கிக் காசாளர் ஒருவரின் சாம்பல் நிறக் கார் கிடைத்தது. பானெட் சில்லென்று இருந்தது. காந்தம் வைத்த இடத்திலெல்லாம் ஒட்டியது. ஆயில் மூடி சுத்தம். ரேடியோவை அணைத்துவிட்டு, யாரையும் பேச விடாமல், ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். "இது போதும் தம்பி," என்றார். திரும்பும் வழியெல்லாம் சீட்டியடித்தார்.

அன்று மாலை அவருடைய தங்கை போன் செய்தாள். அவள் கணவர் தன் காரை விற்கப் போகிறாராம்.

மறுநாள் காலை என்னிடம் சொன்னார்: "வீட்டுல வண்டி இருக்கும்போது வெளியில வாங்கினா, என் வண்டி என்ன குப்பையான்னு கேக்குறாராம் மாப்பிள்ளை."

"போய்ப் பாப்போம்ணே. நல்லா இருந்தா வாங்குவோம். இல்லன்னா வேணாம்னு சொல்லிடுவோம்."

"நீ படிச்சவன் தம்பி. மாப்பிள்ளைகிட்ட வேணாம்னு சொல்ற பாடம் எந்தக் காலேஜ்ல நடத்துறாங்க?"

போனோம். கார் பளபளவென்று கழுவி நின்றது. நான் கற்ற வித்தையைக் காட்ட முதலில் பானெட்டில் கை வைத்தேன். சுட்டது. "அண்ணே," என்று ஆரம்பித்தேன். அவர் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். "உள்ள போய்த் தண்ணி குடிச்சிட்டு வா தம்பி."

மாப்பிள்ளை சிரித்தார். "என்ன மச்சான், காந்தமெல்லாம் எடுத்துட்டு வந்திருக்கீங்களா? நம்ம வண்டிக்கும் பரீட்சை உண்டா?"

தங்கை வாசற்படியில் நின்று அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பைக்குள் விட்ட கையை வெறுமனே வெளியே எடுத்தார்.

"வீட்டு வண்டிக்கு எதுக்கு மாப்ள பரீட்சை," என்றார். ஆயில் மூடியின் பக்கம் போகவே இல்லை. பழைய காரை விற்றுப் பணத்தைக் கொடுத்து, மாப்பிள்ளையின் வண்டியை எடுத்துக்கொண்டார்.

அதை ஓட்டிவந்த முதல் நாளே எனக்குக் கோபம். "பானெட் சுட்டுச்சுன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"அதுவும் தெரியும், வெள்ளைப் புகையும் பாத்தேன். கேஸ்கெட் போயிருக்கு, தண்ணி எஞ்சினுக்குள்ள இறங்குது."

"அப்புறம் ஏண்ணே வாங்கினீங்க?"

"மூடியத் திறந்து பாத்து நான் வேணாம்னு வந்துட்டா, அதுக்கப்புறம் அந்த வீட்டுல குடித்தனம் பண்ணப்போறது யாரு? நானா?"

மெல்ல ஓட்டிச் சமாளித்து, ஓய்வு கிடைக்கும்போது பழுது பார்த்துவிடலாம் என்று நினைத்திருந்தார். வண்டி அவ்வளவு நாள் பொறுக்கவில்லை. அதே மேம்பாலத்தில் கொதித்து நின்றது. மறுவாரமும் நின்றது. பட்டறைக்காரர் எஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்தபோதே மேற்பார்வையாளர் வேறு ஆளை அமர்த்திவிட்டார். கெஞ்சிப் பார்க்க நானும் போனேன். "சாருக்கு இதுல என்ன?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்.

ஆறுதல் சொல்ல வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி என்னிடம் சொல்வதுபோல அவருக்குச் சொன்னார்: "ஊர் வண்டிக்கெல்லாம் வைத்தியம் பாத்தவரு. சொந்த வீட்டுக்குச் சீக்கு வாங்கிட்டு வந்திருக்காரு."

மாப்பிள்ளையோ சொந்தக்காரர்களிடமெல்லாம் வேறு கதை சொல்லிக்கொண்டிருந்தார்: "நல்லா ஓடிட்டிருந்த வண்டி. ஓட்டத் தெரியாம கெடுத்துட்டு என்மேல பழி போடுறாரு." நான் அங்கே இருக்கும்போதே தங்கையின் போன் வந்தது. அந்தச் சின்ன அறையில் அவள் குரல் எனக்கும் கேட்டது.

"வண்டியையும் கெடுத்து இவர் பேரையும் கெடுக்குறீங்களாண்ணே? அண்ணி எல்லார்கிட்டயும் சொல்றாங்களாம். இங்க என்னால தலை நிமிர முடியல."

"சரிம்மா. தப்பு என்னோடதுதான்," என்றார். அவள் வைத்துவிட்டாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அவங்ககிட்டயாவது உண்மையச் சொல்லலாம்ல? உங்க தங்கச்சிக்கு எதுவும் தெரியாதுல்ல?"

"தெரியாதா?" என்றார். "அந்த வண்டியிலதான தம்பி அவ போயிட்டு வந்துட்டிருந்தா. கொதிச்சு நிக்கும்போது தண்ணி ஊத்துனதே அவதான்."

அவர் மனைவி கேட்டுக்கொண்டே துவைத்த துணிகளை மடித்து வைத்தார்.

காந்தம் இப்போது ஒரு மரக்கடை முதலாளியின் வேனை மாதச் சம்பளத்துக்கு ஓட்டுகிறார். மாப்பிள்ளையின் கார் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது. தங்கை வருவதும் இல்லை, பேசுவதும் இல்லை. பழைய கார் பார்க்க யார் கூப்பிட்டாலும், தனக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்.