பண்ணைக் காரின் பின்கதவு

கூத்தாநல்லூர் ஜெக்கரியா ராவுத்தரைக் கோபக்காரர் என்பார்கள். பொய்யில்லை. அரைகுறை வேலையைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். பதினாறு வயதில் பினாங்குக்குக் கப்பலேறி, அங்கே ஒரு சீனன் பட்டறையில் கார் பாடி வேலை கற்று, யுத்தம் முடிந்து ஊர் திரும்பியவர். திருத்துறைப்பூண்டிப் பக்கம் பழைய கார் வைத்திருந்த பண்ணை வீடெல்லாம் அவருக்குத் தெரியும். அந்தப் பண்ணைகள்தான் தனக்குச் சோறு போடுகின்றன என்பதை அவர் மறைத்ததில்லை.

கழகம் ஆட்சிக்கு வந்து மூன்றாம் வருஷம், தை மாதம். நில உச்சவரம்புச் சட்டம் வரப்போகிறது என்ற பேச்சில் மிராசுதார்களுக்குத் தூக்கம் போயிருந்தது. அறுவடைக் கூலித் தகராறில் கூலிக்காரர்களுக்குச் சோறு போயிருந்தது. அந்த நேரத்தில்தான் சிவசாமிப் பண்ணையார் தம் செவர்லே காருக்குக் கதவு ரப்பர் மாற்ற ஆள் அனுப்பினார்.

ஜெக்கரியா நான்கு கதவையும் திறந்து பார்த்தார். ரப்பர் காய்ந்து கருவாடாகிக் கையோடு உதிர்ந்தது.

"தூசி நல்லா ஏறியிருக்குங்கய்யா."

"தூசி கெடக்குது ராவுத்தரே. பேச்சு! உள்ள உக்காந்து பேசுனா ஒரு சொல்லு வெளிய போகக்கூடாது."

விஷயம் இதுதான். வீட்டுக்குள் வேலைக்காரர் நடமாட்டம் என்பதால், பக்கத்துப் பண்ணைக்காரர்களோடு பேச வேண்டியதைக் கொட்டகையில் நிற்கும் காருக்குள் உட்கார்ந்து பேசுவது சிவசாமியின் வழக்கம். வெளியூர் ஆட்களை அறுவடைக்கு விடாமல் மறித்த நீலமேகத்தைத் தேடி அடியாட்களை இரண்டு முறை அனுப்பியிருந்தார். இரண்டு முறையும் குடிசை காலி. பேச்சு எங்கேயோ கசிகிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. எங்கே என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் ஜெக்கரியா பிளேடால் பழைய ரப்பரைச் சுரண்டி, பெட்ரோல் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். கார் கொட்டகைக்கும் மாட்டுக் கொட்டிலுக்கும் நடுவே ஒரு கீற்றுத் தட்டிதான். அதற்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. சாணி அள்ள வரும் எல்லையம்மாள்.

"ராவுத்தரய்யா, திரும்பாதீங்க. வேலையப் பாத்துக்கிட்டே கேளுங்க."

அவர் துடைப்பதை நிறுத்தவில்லை.

"நீலமேகம் எங்க வூட்டுக்காரரு. இங்க பண்ணைக்குத் தெரியாது, நான் தாய் வூட்லேருந்து வந்து போறேன். இந்தப் பக்கத்துக் கதவு வழியாத்தான் காதுல வுழும். அதை மட்டும் கொஞ்சம் விட்டு வைங்கய்யா. அடுத்த தடவ பிடிச்சா உசுரோட விட மாட்டாங்க."

ஜெக்கரியாவுக்கு முதலில் வந்தது கோபம்தான். என் வேலையில் ஓட்டை வைக்கச் சொல்ல நீ யார் என்று நாக்கு நுனி வரை வந்தது. அப்புறம் பயம் வந்தது. பண்ணைக்குத் தெரிந்தால் இந்த வட்டாரத்தில் ஒரு காரைத் தொட முடியாது. பிற்பகல் முழுக்கத் தனக்குள் சண்டை போட்டபடியே மூன்று கதவுகளை முடித்தார். நான்காவது, தட்டிப் பக்கத்துப் பின்கதவு. கீல் பக்கம் ரப்பருக்கு அடியில் இன்னொரு பட்டையைக் கூடுதலாக வைத்து ஒட்டினார். வாழ்க்கையில் முதல் தடவையாக வேண்டுமென்றே செய்த தப்பு வேலை. கதவு அந்தப் பக்கம் முட்டிக்கொண்டு, கீழ் மூலையில் ஒரு நெல்மணி நுழையும் சந்து விட்டது. வேர்வையைத் துடைத்துக்கொண்டார். மனசு லேசாகத்தான் இருந்தது.

சிவசாமி வந்து குடம் குடமாகக் காரின் கூரை மேல் தண்ணீர் ஊற்றச் சொல்லிச் சோதித்தார். சந்து கீழ் மூலையில் இருந்ததால் உள்ளே ஒரு சொட்டு இல்லை. பிறகு கதவுகளைச் சாத்திப் பார்த்தார். பின்கதவு மட்டும் முரண்டு பிடித்தது.

"இது என்ன ராவுத்தரே, இடிச்சுச் சாத்த வேண்டியிருக்கு?"

"புது ரப்பருங்கய்யா. மூணு நாளு கதவைத் தெறக்காம வெயில்ல நிறுத்துங்க. அமுங்கிப் படிஞ்சிடும்."

இருபத்தைந்து வருஷமாக எல்லாக் காருக்கும் சொல்லும் பேச்சு. யோசிக்கவே வேண்டாம், வாய் தானாகச் சொல்லும். சொல்லிவிட்டு, கொடுத்த மோரைக் குடித்துவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

கோரையாற்றுப் பாலத்தின் மேல் பஸ் போகும்போதுதான் உறைத்தது. ரப்பர் அமுங்கினால் கதவு படியும். கதவு படிந்தால் சந்து எங்கே? நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணல் கெட்டால் அதோடு போயிற்று. இங்கே கெடப்போவது அடுத்தவன்.

திரும்பிப் போக என்ன காரணம் சொல்வது? நன்றாக இருக்கும் வேலையை எதற்குப் பிரிக்கிறாய் என்று கேட்டால்? பாலத்தில் இறங்கியிருக்கலாம், இறங்கவில்லை. மறுநாள் போகலாம் என்று நினைத்தார், போகவில்லை. அதற்கு மறுநாள் உடம்பு சரியில்லை என்று மனைவி ஹபீபுன்னிசாவிடம் சொல்லிப் படுத்துக்கொண்டார். நான்காம் நாள் கருவிப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கதவைச் சரிபார்க்க வந்தேன் என்றார். சிவசாமி சிரித்துக்கொண்டே பின்கதவை ஒரு விரலால் தள்ளிக் காட்டினார். சத்தமே இல்லாமல் சாத்திக்கொண்டது.

"வேலைன்னா இதுதான் ராவுத்தரே!"

மறு வாரம் நீலமேகத்தை வாய்க்கால் மதகடியில் கண்டெடுத்தார்கள். உயிர் இருந்தது. இரண்டு காலும் முட்டிக்குக் கீழே நொறுங்கியிருந்தன.

ஜெக்கரியா தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குப் போனார். வராந்தாவில் எல்லையம்மாள் குந்தியிருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"விட்டு வச்சேம்மா," என்றார். "அல்லா மேல ஆணையா அந்தக் கதவுல விட்டு வச்சேன்."

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பார்.

"பரவால்லைங்கய்யா. உங்களுக்கும் புள்ளகுட்டி இருக்கு. நீங்க என்ன பண்ணுவீங்க? விட்டிருந்தீங்கன்னா எனக்குக் கேட்டிருக்குமே."

கேட்காமல் போனதற்கு என்ன காரணம் என்று உலகத்திலேயே ஜெக்கரியா ஒருவருக்குத்தான் தெரியும். அதைச் சொல்ல மட்டும் அவருக்கு வாய் வரவில்லை.