மாமன் மடி

அண்ணன் செத்த பிறகு என்னால் ஈ.சி.ஆர். ரோட்டைக் கடக்க முடியாமல் போனது. உப்பள வேலை முடிந்து பைக்கில் வந்தவனை அந்த ரோட்டில்தான் ஒரு கார் அடித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டது. எனக்குக் கூடப்பிறந்தவன் அவன் ஒருத்தன்தான். நான் வேலை பார்க்கும் உப்பு பாக்கெட் கம்பெனி ரோட்டுக்கு அந்தப் பக்கம். கால் எழும்பாது, ஓரமாக நின்று அழுவேன். மரக்காணத்து டாக்டர் கவுன்சலிங்குக்கு எழுதிக் கொடுத்தார். அப்படித்தான் பாண்டிச்சேரியில் ஒரு கிளினிக்கில் கவுன்சலராக இருந்த அந்த ஆளிடம் போய்ச் சேர்ந்தேன்.

பொய் சொல்லக் கூடாது, கெட்டிக்காரர். ஐந்தாவது வாரம் ரோட்டைக் கடந்துவிட்டேன். ஊருக்கெல்லாம் உப்பு போடுகிறவர்கள் நாங்கள். நன்றியை வாயோடு சொல்லி நிறுத்தத் தெரியாது. நல்லது செய்தவரை ஏதாவது ஒரு உறவுமுறை வைத்துக் கூப்பிட்டால்தான் மனசு ஆறும். இரண்டு மாதத்தில் "சார்" போய் "அண்ணா" வந்தது. அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அந்த வருடம் என் மகளுக்குக் காது குத்த வேண்டியிருந்தது. பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். மாமன்தான் இல்லையே. "உன்ன ரோடு தாண்ட வெச்ச மனுஷன் இருக்காரே, அவரையே உக்கார வெச்சிடலாம்" என்றாள் அம்மா. நான்தான் தாம்பூலம் வைத்து அழைத்தேன். பட்டு வேட்டியில் வந்தார். என் பிள்ளையை மடியில் உட்கார வைத்துக்கொண்டு போட்டோவுக்குச் சிரித்தார்.

அடுத்த மாதம் அவர் அறையில் உட்கார்ந்து, அண்ணனைப் பற்றிச் சொல்லி அழுதுகொண்டிருந்தேன். எழுந்து வந்து தோளில் கை வைத்தார். "அண்ணன்கிட்ட என்னம்மா கூச்சம்?" என்றார். கை தோளோடு நிற்கவில்லை. தள்ளிவிட்டுக் கதவுக்கு ஓடினேன். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. அது எப்போது போட்டது என்று எனக்குத் தெரியாது. திறந்துகொண்டு வெளியே வந்தபோது பெஞ்சில் கல்லூரிப் பை வைத்த ஒரு பெண் தன் முறைக்காகக் காத்திருந்தாள்.

அவள் முகம் தூங்கவிடவில்லை. கிளினிக்கிலேயே புகார் எழுதிக் கொடுத்தேன். விசாரித்த பெண் மேனேஜர் காதுகுத்து போட்டோவை எடுத்து என் முன்னால் வைத்தார். அந்த ஆளே கொடுத்திருக்கிறான். இனிமேல் அவர், இவர் என்று எழுத எனக்குக் கை வராது.

"தாய்மாமன் எடத்துல உக்கார வெச்சிருக்கீங்க. நீங்களே இவ்ளோ பழகிட்டு இப்ப இப்படிச் சொன்னா எப்படிங்க?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மேடம், வைத்தியம் பாக்க வர்றவங்க வீட்டு விசேஷத்துல கவுன்சலர் போய் மாமனா உக்காரலாமா?"

மேனேஜர் போட்டோவைக் கவிழ்த்து வைத்தார். "கூடாதுதான்" என்றார்.

"அது எனக்குத் தெரியாதுங்க. அவனுக்குத் தெரியுமில்ல?"

படிக்காத அம்மா தெரியாமல் முறை வைத்தாள். படித்துப் பட்டம் வாங்கியவன் தெரிந்தே வந்து உட்கார்ந்தான். ஆனால் எல்லோரும் கணக்குக் கேட்டது எங்களிடம்தான்.

இரண்டு நாளில் கிளினிக்கிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்தார். நான் புகாரை வாபஸ் வாங்கினால் அவன் நேரில் வந்து அம்மா காலில் விழுவானாம், அவனுக்கு வேலையும் போகாதாம். "பழகின பாவத்துக்கு, குடும்பத்துக்குள்ளயே பேசி முடிச்சிக்கலாம்ங்க" என்றார்.

அம்மா என்னை உள்ளே இழுத்தாள். "ஊரு வாய மூட முடியுமாடி? கால்ல விழறேன்றான், விட்டுடு."

அம்மா மேல்கூட அன்றைக்குக் கோபம் வந்தது. கையை உதறிவிட்டு வெளியே வந்து கிளினிக்காரரிடம் சொன்னேன்.

"குடும்பத்துக்குள்ள முடிக்கிறதுக்கு அவன் எங்க குடும்பம் இல்லீங்க. எனக்கு ஒரே அண்ணன், அவன் ரோட்டுல செத்துட்டான். இவன் உங்க கிளினிக் ஆளு. புகார் அங்கயே இருக்கட்டும்."