சுண்ணாம்பு பூசிய முட்டி

பனையிலிருந்து வடிவது ஒரே சாறுதான். பாளையில் கட்டும் மண்முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசிக் கட்டினால் இனிப்பான கருப்பநீர். பூசாமல் கட்டினால் புளித்துக் கள். மரம் ஏறுவது என் கணவர்; முட்டிகளைக் கழுவிக் காயவைத்துச் சுண்ணாம்பு பூசுவது நான். ஒரு மனிதரைப் பழிவாங்க எனக்கு அந்த வேலையே போதுமாக இருந்தது.

அவர் மருதனார்மடத்துப் பக்கம் பெரிய வளவுக்காரர். கோயில் காரியம் எதிலும் முன்னுக்கு நிற்பவர். அவருடைய பனைகளைச் சீவுவதற்குக் குத்தகையாகத் தினமும் ஒரு முட்டி கொடுத்து வந்தோம். வயிற்றுச் சூட்டுக்குக் கருப்பநீர் குடிப்பதாக மனைவிக்கும் ஊருக்கும் சொல்லிவைத்திருந்தார். உள்ளே இருந்ததோ கள். சுண்ணாம்பு படாத அந்த ஒரு முட்டியைப் பின்வேலியால் நீட்டுவேன். வாங்கிக்கொண்டு மாட்டுக்கொட்டிலுக்குள் போய்விடுவார்.

நான் கழுவிய முட்டியில் வாய் வைக்கிறவர், தன் கிணற்றில் எங்களை அள்ள விடமாட்டார். அந்த வீட்டில் யாராவது மனம் வந்து ஊற்றும்வரை குடத்தோடு நிற்க வேண்டும். ஒரு பங்குனி மத்தியானம் என் பிள்ளைக்குக் கடும் காய்ச்சல். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன், ஒருவரும் வரவில்லை. நானே வாளியை இறக்கினேன்.

ஓடி வந்து என் குடத்தை உதைத்து உடைத்தார். அதோடு விட்டாரா? மிசினைப் பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் முழுவதையும் இறைத்துத் தள்ளினார். சண்டையால் கொழும்புப் பாதை பூட்டிக் கிடந்த காலம் அது. விளக்குக்கு மண்ணெண்ணெய் இல்லாமல் ஊர் இருட்டில் கிடந்தது. நான் தொட்ட தண்ணீரை வெளியேற்ற மட்டும் அவரிடம் எண்ணெய் இருந்தது! அன்று மாலையும் முட்டி வாங்க வேலிக்கு வந்தார். "நல்லாப் புளிச்சிருக்கோ?" என்று வெட்கமில்லாமல் கேட்டார்.

மறுநாள் அவருடைய முட்டிக்கும் சுண்ணாம்பு பூசினேன்.

"என்னடி இது? கருப்பநீரெல்லோ!"

"ஓம் ஐயா. வயித்துச் சூட்டுக்கு நீங்கள் கேக்கிறதுதானே," என்றேன், முற்றத்தில் நின்ற அவர் மனைவிக்குக் கேட்கும்படி. மனிதர் முட்டியை வாங்கிக்கொண்டு கொட்டிலுக்குப் போனார். வேறு சீவல்காரரைப் பிடித்தால் அவரிடம் கள் என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். கள் விற்கும் தவறணைக்குப் போனால் ஊர் பார்க்கும். கொழும்பிலிருந்து சாராயப் போத்தலும் வருவதில்லை.

சில நாட்களில் அவருக்குக் கை நடுங்கத் தொடங்கியது. மனைவி என்னைக் கூப்பிட்டு, "ஐயாவுக்கு நித்திரையே இல்லை பிள்ளை. கருப்பநீர் இன்னும் ஒரு முட்டி கூடக் கொண்டு வா," என்றார். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கூடவே ஒரு முட்டி கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கடைசியில் வேலிக்கு வந்து குரலைத் தாழ்த்தினார். "உனக்கு என்னடி வேணும்?"

"உங்கடை கிணத்திலை நான் அள்ளவேணும். என்ரை கையாலை. அம்மா பாக்க."

முகம் கறுத்தது. ஆனாலும் மறுநாள் காலை, "உவள் அள்ளட்டும்," என்று மனைவியிடம் சொல்லிவிட்டு முதுகைக் காட்டி நின்றார். நான் ஆறுதலாக அள்ளினேன். குடித்தேன், முகம் கழுவினேன், குடத்தை நிரப்பினேன். அதற்குப் பிறகு எங்கள் பெண்கள் எல்லோரும் அள்ளினார்கள்.

அன்று மாலை ஆசையோடு முட்டியை வாங்கி ஒரு மிடறு குடித்தவர், அது இனிக்கவே என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"கேட்டதைத் தந்திட்டனெல்லோ?"

"தந்தனீங்கள் ஐயா. குடத்தை உடைச்சதுக்கு அது சரி. கிணறு இறைச்சதுக்கு இது."

அடுத்த கிழமை பட்டப்பகலில் அவர் தவறணைக்குப் போனார். கோயிலுக்குப் போகிற சனம் பார்த்தது. என் கணவரின் ஆட்களுக்கு நடுவில் நின்று, நடுங்குகிற இரண்டு கையாலும் பனையோலைப் பிளாவை ஏந்திக்கொண்டு தன் முறைக்குக் காத்திருந்தார். ஊற்றுகிறவர் எங்கள் ஆள். அவர் அவசரப்படவில்லை.