சய நாலில் நின்ற கழுதை

தங்கையின் மகள் நேற்றுக் கைபேசியில் ஒரு சமன்பாட்டைத் தட்டினாள். கண்ணை மூடித் திறப்பதற்குள் திரையில் பரவளைவு ஒன்று கிண்ணம்போல வழவழவென்று வந்து நின்றது. "வடிவாயிருக்கு" என்றேன். உள்ளுக்குள் எரிச்சல். பரவளைவு என்றால் கொஞ்சம் உப்பு மணக்க வேண்டும், யாராவது ஒருவர் செருப்பைத் தொலைத்திருக்க வேண்டும். உங்களுக்கு இது விளங்காது, சொல்கிறேன்.

யுத்த காலத்தில் மன்னார்த் தீவின் ஒரு கரையோரப் பள்ளிக்கூடத்தில் நான் தொண்டர் ஆசிரியை. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருந்தவளைப் பிடித்து, சாதாரணதர வகுப்புக்குக் கணிதம் படிப்பிக்க விட்டிருந்தார்கள். இருபடிச் சார்பு வந்தபோது வரைபுத்தாள் இல்லை. கடைக்காரரிடம் கேட்டேன். "மண்ணெண்ணெயே இல்லைப் பிள்ளை, நீங்கள் கட்டம் போட்ட கடுதாசி கேக்கிறியள்" என்றார். அதனால் வகுப்பையே கடற்கரைக்குக் கூட்டிப் போனேன். பழைய வலைக்கயிறு இரண்டைக் குறுக்காகப் போட்டால் அச்சுகள் தயார். பிள்ளைகள்தான் புள்ளிகள். கரைக்கு இணையான கயிற்றில் ஆளுக்கொரு எண். அதை வர்க்கித்து, நாலைக் கழித்து, வந்த விடையைக் காலடியாக நடந்துபோய் நிற்க வேண்டும். விடை சக, அதாவது பிளஸ், என்றால் கரைப்பக்கம்; சய, அதாவது மைனஸ், என்றால் கடற்பக்கம்.

இரட்டைப் பிள்ளைகள் றீற்றாவும் றோசாவும் சக இரண்டிலும் சய இரண்டிலும் நிற்பார்கள். எந்தப் பக்கம் நின்றாலும் விடை பூச்சியம், கயிற்றை விட்டு அசையவே தேவையில்லை. ஆனாலும் "நான் சய இல்லை ரீச்சர், அவள்தான் சய!" என்று நாள்தோறும் சண்டை. அந்தோனி மூன்றில். அவனுக்குக் கால் நீளம். ஐந்து அடி வைத்தானென்றால் பரவளைவின் ஒரு பக்கம் வீங்கிப்போகும். சூசை பூச்சியத்தைக் கேட்டு வாங்கினான், நடக்கத் தேவையில்லை என்ற நினைப்பில். பூச்சியத்துக்குச் சய நாலு வரும் என்று தெரிந்தபோது அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அலை வந்து காலை நனைக்கும் இடம். "எல்லாருக்கும் கீழ நான்தான்" என்று புலம்புவான். வளைவின் அடியான இழிவுப் புள்ளியை அவனளவுக்கு விளங்கிக்கொண்ட பிள்ளை வகுப்பில் வேறு இல்லை. தூரத்துக் காவலரணிலிருந்து ஒரு நேவிக்காரன் தொலைநோக்கியால் எங்களையே பார்த்துக்கொண்டிருப்பான். என்ன நினைத்தானோ, பாவம்.

அப்போதுதான் கல்விக் கந்தோரிலிருந்து ஓர் அதிகாரி வருவதாகச் சேதி வந்தது. என்னை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று அவர்தான் முடிவு சொல்ல வேண்டும். நிரந்தரம் கிடைக்காவிட்டால் கொழும்பில் சின்னம்மா வீடு, அங்கே எனக்குப் பார்த்துவைத்த மாப்பிள்ளை. அவர் நல்லவர்தானாம். எனக்குத்தான் இந்தப் பிள்ளைகளை விட்டுப் போக மனமில்லை. அந்த வேலை மேல் அவ்வளவு ஆசை.

அதிகாரி சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு மணலில் வந்தார். பிள்ளைகள் அவரவர் இடத்தில் நின்றார்கள். பூச்சியத்தின் இடம் மட்டும் வெறுமை. நான் வேறொருவனை அனுப்புவதற்குள், தீவெங்கும் திரியும் கழுதைகளில் ஒன்று ஆடி அசைந்து வந்து அங்கே நின்றுகொண்டது. தள்ளிப் பார்த்தோம், கும்பிட்டுப் பார்த்தோம். அசையவில்லை.

"பூச்சியம் எங்க?" என்றார் அதிகாரி.

"பூச்சியம் போன கிழமை வள்ளத்தில இந்தியாவுக்குப் போயிட்டான், சேர்" என்றான் அந்தோனி.

"அப்ப இழிவுப் பெறுமானம்?"

"கழுதை நிக்கிற இடம், சேர். சய நாலு."

எனக்குக் கொழும்பு பஸ்ஸின் ஹோர்ன் சத்தமே கேட்டுவிட்டது. அதிகாரி கயிற்றிலிருந்து கடற்பக்கம் அடி வைத்து நடந்தார். நாலாவது அடியில் கழுதையின் விலாவில் முட்டினார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சரியாத்தான் நிக்குது, பிள்ளை."

நிரந்தரமாக்கிவிட்டார்கள். ஆனால் கந்தோர் வேலை ஆமை வேகம். நியமனக் கடிதம் வந்து சேருவதற்குள் என் புள்ளிகள் ஒவ்வொன்றாகக் கரையை விட்டுப் போய்விட்டன. அந்தோனியும் போனான், அந்த நீளக் காலை எந்த ஊர் மண்ணில் வைக்கிறானோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. கடிதம் கிடைத்த அன்று சந்தோசத்தில் கடற்கரைக்கு ஓடினேன். றீற்றாவும் றோசாவும் மட்டும் கயிற்றின் மேல் நின்றார்கள்.

"ரெண்டு புள்ளியை வைச்சு வளைவு கீற ஏலாதே, ரீச்சர்" என்றாள் றோசா.

"ஓம்" என்றேன். "இண்டைக்கு நேர்கோடு படிப்பம்."