சோழவரத்தில் நான் மொழிபெயர்த்தது

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதுவும் முழுசாக இல்லை. இன்று கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் என் பட்டறைக்கு வராத கம்பெனி வண்டி கிடையாது. காலேஜில் படித்துவிட்டு வந்தவர்கள் இன்ஜினைத் திறந்துபோட்டுவிட்டு எனக்குத்தான் ஆள் அனுப்புகிறார்கள். சத்தத்தைக் கேட்டே எந்த சிலிண்டரில் கோளாறு என்று சொல்லிவிடுவேன். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதலாம், பெருமைக்காகத்தான் சொல்கிறேன். எனக்கு யாரும் எதையும் உட்கார வைத்துக் கற்றுத்தரவில்லை. நானாகப் பிடுங்கிக்கொண்டதுதான் எல்லாம். இங்கிலீஷும் அப்படித்தான். கார்புரேட்டர், கிளட்ச், பேரிங் என்று தொடங்கி, லாரி ஆபீஸ் குமாஸ்தாக்கள் வாயிலிருந்து விழுந்ததை எல்லாம் பொறுக்கிச் சேர்த்த இங்கிலீஷ். அந்த இங்கிலீஷால் வந்த வினையைத்தான் எழுதப்போகிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். எளாவூர் செக்போஸ்ட்டுக்கு எதிரே, கல்கத்தா ரோட்டில், தகரக் கொட்டகை போட்டு லாரி பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலை, தரையோடு தரையாக ஒரு சின்ன கார் வந்து ரோட்டோரம் நின்றுவிட்டது. சென்னையில் மில் வைத்திருந்த ஒரு முதலாளியின் வண்டி. ஜெர்மனியில் செய்தது. ஊரைவிட்டுப் போன வெள்ளைக்காரர் ஒருவர் இவருக்கு விற்றுவிட்டுப் போயிருந்தார். முன்பக்க மூடியைத் திறந்தால் ஸ்டெப்னி டயர் இருந்தது, பெட்ரோல் டேங்க் இருந்தது, இன்ஜின் இல்லை. கொட்டகையில் நின்ற டிரைவர் ஒருவன் எட்டிப் பார்த்தான்.

"இன்னா சார், இன்ஜின ஊட்லயே வச்சிட்டு வந்துட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் பின்னால் போய்த் திறந்தேன். இன்ஜின் அங்கே இருந்தது. மிதிகட்டையிலிருந்து வண்டியின் முழு நீளத்துக்கும் ஓடி வரும் ஆக்சிலேட்டர் ஒயர் அறுந்திருந்தது. மோட்டார் சைக்கிள் கிளட்ச் ஒயர் இரண்டை ஒட்டுப்போட்டு மாட்டிவிட்டேன். நெல்லூர் போய்த் திரும்பி வந்த முதலாளி, அதற்குப் பிறகு அந்த வண்டியில் வேறு யாரையும் கைவைக்க விடவில்லை.

என் தங்கை புருஷன் கல்கத்தா லைன் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். என்னைவிட இரண்டு வயது சின்னவர். போனால் திரும்ப இருபது நாள் ஆகும். வந்தால் இரண்டு நாள் வீட்டில் இருப்பார், அதில் ஒரு நாள் தூக்கம். அவரைப்போல ஸ்டியரிங் பிடித்த ஆளை நான் பார்த்ததில்லை. லோடு ஏற்றிய லாரியைப் பழவேற்காடு ரோட்டில், எதிரே மீன்வண்டி வந்தாலும், ஒரு சக்கரம் மண்ணில் இறங்காமல் கொண்டுபோவார். தங்கைக்கு மட்டும் ஒரே குறை. "கட்டிக்கினவன் மூஞ்சி மறந்துபூடும் போல கீதுண்ணே" என்பாள்.

மில் முதலாளிக்கு அந்தக் காரை ரேஸில் விடவேண்டும் என்று ஆசை. சோழவரத்தில் யுத்த காலத்து விமான ஓடுதளம் சும்மா கிடந்தது. அங்கேதான் ரேஸ் நடக்கும். அவருக்கு நெஞ்சுவலி வந்து போன உடம்பு, டாக்டர் ஓட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார். நான் மாப்பிள்ளையைப் பற்றிச் சொன்னேன். வெளிநாட்டிலிருந்து ஒரு பழைய ரேஸ்காரர் வருகிறார், பின்னால் இன்ஜின் வைத்த வண்டிகளை ஓட்ட ஒரு நாள் முழுக்கச் சொல்லிக்கொடுக்கப்போகிறார், உன் ஆளையும் கூட்டிவா என்றார் முதலாளி. சாயங்காலம் அந்த மனிதர் சரி என்று சொல்லிவிட்டால் ரேஸ் வண்டிக்கும் வீட்டு வண்டிக்கும் மாப்பிள்ளைதான் டிரைவர். மாதச் சம்பளம், மில்லுக்குப் பின்னால் குடியிருக்க வீடு.

"அந்த ஊட்டுக்கு ஜன்னல் கீதாண்ணே?" என்று தங்கை கேட்டாள். அதையே நாலு தடவை கேட்டாள்.

"உன் ஆளுக்கு இங்கிலீஷ் தெரியுமாப்பா?" என்று முதலாளி கேட்டார்.

"அவருக்குத் தெரியாது சார். எனக்குத் தெரியும். நான் சொல்லிக்கிறேன்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஓடுதளத்தில் மண்ணெண்ணெய் டின்களுக்குச் சுண்ணாம்பு அடித்து வளைவுகளில் வைத்திருந்தார்கள். வைக்கோல் கட்டுகளை அடுக்கியிருந்தார்கள். சுற்றுவட்டார ஊர்க்காரர்கள் மாடுகளை ஓட்டிவிட்டுவிட்டு வளைவுகளில் வந்து நின்றுகொண்டார்கள். வண்டிகள் ஐந்து, எல்லாம் பின்னால் இன்ஜின் உள்ளவை. நாலு வண்டிக்குச் சொந்தக்காரர்கள் பணக்கார வீட்டுப் பிள்ளைகள், தங்களுக்குள்ளே இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். சொல்லித்தர வந்தவர் உயரமாக, வெயிலில் மூக்குத்தோல் உரிந்துபோய், சாக்பீஸை எடுத்துத் தரையில் வளைவு வரைந்து பேசினார்.

அந்தப் பிள்ளைகளில் கண்ணாடி போட்ட ஒருவர் எங்களிடம் வந்தார். "நான் வேணா தமிழ்ல சொல்லட்டுமா? அவர் வேகமா பேசறார்."

"வேணாம் தம்பி. எனக்குப் புரியுது" என்றேன்.

பாதி உண்மைதான் அது. பிரேக்கை வளைவுக்கு முன்னாலேயே முடித்துவிடவேண்டும் என்றார், அது புரிந்தது. உள்ளே மெதுவாகப் போய் வெளியே வேகமாக வரவேண்டும் என்றார், அதுவும் புரிந்தது. ஒவ்வொன்றாக மாப்பிள்ளைக்குச் சொன்னேன். அவர் தலையாட்டினார். எனக்கு நெஞ்சு விரிந்துகொண்டே போனது. பிறகு அந்த மனிதர் எங்கள் காரிடம் வந்தார். பக்கத்து சீட்டில் கையை வைத்துத் தட்டி, முதலில் நான் இங்கே உட்காருவேன், அப்புறம் நீ தனியாகப் போவாய் என்றார். அந்தக் கையை எடுக்காமல், மறுகையால் வளைவில் ஜனங்கள் நின்ற பக்கத்தைக் காட்டி, "கார்னர்" என்றார். "நெவர் லிஃப்ட்" என்றார். மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவை மாப்பிள்ளையின் கண்ணைப் பார்த்துச் சொன்னார்.

லாரிக்காரனுக்கு லிஃப்ட் என்றால் ஒன்றுதான். செக்போஸ்ட்டிலும் முக்குகளிலும் நின்று கையைக் காட்டுகிறவனை ஏற்றிக்கொள்வது. போலீஸ் பிடிப்பதும் அதற்குத்தான், முதலாளி வேலையைவிட்டுத் தூக்குவதும் அதற்குத்தான். கார்னர் என்றால் எங்களுக்குத் தெருமுக்கு. எனக்கு ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை.

"இன்னா மச்சான் சொல்றாரு? ரொம்ப அழுத்திச் சொல்றாரே" என்றார் மாப்பிள்ளை.

"முக்குல நிக்கிறானுங்க பாரு, அவனுங்க கை காட்டுவானுங்க. எவனுக்கும் லிஃப்ட் குடுக்காதன்றாரு. தனியாத்தான் போவணுமாம்."

"இதுக்கா இத்தினி சொன்னாரு? இது நம்ம செக்போஸ்ட்டு இன்ஸ்பெக்டரு சொல்றதுதான."

இரண்டு பேரும் சிரித்தோம். அந்த மனிதரும் எங்களோடு சேர்ந்து சிரித்தார், புரிந்துவிட்டது என்று நினைத்து.

காலையில் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து மாப்பிள்ளை ஆறு சுற்று ஓட்டினார். இறங்கி வந்ததும் வலது முழங்காலைத் தேய்த்துக்கொண்டார்.

"ஒவ்வொரு வளைவுலயும் என் முட்டியப் புடிச்சி அமுக்கிக்கினே வர்றாரு மச்சான். இன்னாத்துக்கு?"

"நீ ஓட்ற ஓட்டுக்கு பயந்து புடிச்சிருப்பாரு."

இதை எழுதும்போது கை நிற்கிறது. ஆனாலும் அப்படித்தான் சொன்னேன். மாப்பிள்ளை தேங்காய்ச் சாதத்தைத் தின்றுகொண்டே சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி என்று எழுதினால் அது பொய். அதற்கப்புறமும் பல வருஷம் சிரித்தார்.

மத்தியானம் தனியாக அனுப்பினார்கள். இரண்டு சுற்று நன்றாகப் போனது. அந்த மனிதர் முதலாளியைப் பார்த்துத் தலையாட்டியதை நான் பார்த்தேன். மூன்றாவது சுற்றில் பனைமரப் பக்கத்து வளைவுக்குக் கொஞ்சம் வேகம் கூடுதலாக வந்தார். லாரிக்காரர் என்ன செய்வாரோ அதைச் செய்தார். மிதிகட்டையிலிருந்து காலை எடுத்தார். இன்ஜின் சத்தம் சட்டென்று இறங்கியது, எனக்குக் காதில் கேட்டது. லாரியாக இருந்தால் அது அடங்கித் திரும்பியிருக்கும். இந்த வண்டிக்குப் பாரம் எல்லாம் வாலில். காலை எடுத்தால் பின் டயர்களுக்குத் தரையில் பிடி போய்விடும், வால் முன்னால் வந்துவிடும். வந்தது. டின்களை அடித்துக்கொண்டு, வைக்கோலில் ஏறி, இரண்டு முறை புரண்டது. அந்தக் காலத்தில் பெல்ட் கிடையாது. மாப்பிள்ளை வெளியே கிடந்தார்.

முதலில் ஓடியது நான்தான். ரத்தம் அதிகம் இல்லை. கண் திறந்திருந்தது.

"கால் எங்க கீது மச்சான்? ஷூ அவுந்துச்சா?"

கால் இருந்தது. ஷூவும் இருந்தது. அவருக்குத் தெரியவில்லை.

கண்ணாடி போட்டவர் பின்னாலேயே ஓடிவந்தார். மூச்சு வாங்கியது அவருக்கு. "லிஃப்ட் பண்ணாதேன்னு அவ்வளவு தடவை சொன்னாரே" என்றார். "ஆக்சிலேட்டர்லேர்ந்து கால எடுக்காதேன்னு." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நல்ல பிள்ளை. அவர் யாரிடமும் எதையும் சொல்லவில்லை.

சென்னை ஆஸ்பத்திரியில் முதுகெலும்பு என்றார்கள். இடுப்புக்குக் கீழே இனி எதுவும் வராது என்றார்கள். மறுநாள் முதலாளி வராண்டாவுக்கு வந்தார். என் தங்கை சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். முதலாளி கோபமாக இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

"அந்த மனுஷன் மூணு தடவை சொன்னாராமே. நீ சொன்னியா இல்லையா?"

என் பட்டறை முழுக்க அந்த முதலாளியை நம்பி அப்போதுதான் நிமிர்ந்துகொண்டிருந்தது. அதுதான் காரணம் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது காரணம் இல்லை. எனக்குத் தெரியாது என்று ஒரு வார்த்தை என் வாயிலிருந்து அதுவரை வந்ததே இல்லை, அன்றைக்கும் வரவில்லை.

"சொன்னேன் சார். அவருதான் கேக்கல."

முதலாளி தலையை ஆட்டிவிட்டுப் போனார். சொன்ன பேச்சைக் கேட்காத டிரைவருக்கு மில் வீட்டையா கொடுப்பார்கள். ஆஸ்பத்திரிச் செலவைக் கட்டினார், அத்தோடு சரி.

தங்கை எழுந்து நேரே வார்டுக்குள் போனாள். நானும் பின்னால் போனேன். கட்டிலருகே நின்று, படுத்திருந்தவரிடம் கேட்டாள்.

"எங்கண்ணன் சொன்னத இன்னாத்துக்கு கேக்கல நீ? அத்தினி வாட்டி சொல்லிக்கிறாரு. உனக்கு அவ்ளோ திமிரா?"

மாப்பிள்ளை அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். காலை எடுக்கவிடாமல்தான் அந்த மனிதர் முட்டியை அமுக்கினார் என்று அவருக்கு அப்போது புரிந்திருக்கவேண்டும். படுத்துக்கிடந்த ஒரு நாளில் அவரும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்திருப்பார். நான் வாயைத் திறந்திருக்கலாம். கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஆமா" என்றார். "மச்சான் சொன்னாரு. நாந்தான் கேக்கல."

பதினோரு வருஷம் இருந்தார். எளாவூரில் என் கொட்டகைக்குப் பக்கத்திலேயே வீடு எடுத்துக் கொடுத்தேன். செலவெல்லாம் நான்தான், ஒரு நாள் குறை வைத்ததில்லை, அதை ஊரே சொல்லும். தினம் சாயங்காலம் போய் அவர் பக்கத்தில் உட்காருவேன். லாரிகளைப் பற்றிப் பேசுவோம். சோழவரத்தைப் பற்றி அவர் ஒரு தடவைகூடப் பேச்செடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. எடுப்பார், எடுப்பார் என்று பயந்து, அவர் எடுக்காததற்கு ஒவ்வொரு நாளும் அவர்மேல் கோபப்பட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்புவேன்.

தங்கை இப்போது என் வீட்டில்தான் இருக்கிறாள். அவர் திதி வரும்போது வீட்டுக்கு வருகிறவர்களிடம் இன்றும் அதையே சொல்லுகிறாள். எங்கண்ணன் பேச்சைக் கேட்டிருந்தால் அந்த மனுஷன் இன்னும் நடந்துகொண்டிருப்பார் என்று. போன வருஷமும் சொன்னாள். நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். அவள் எனக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.