காய்ச்சல் விட்ட நாள்

இலங்கையின் கிழக்கே கல்முனைக்கு நான் தையல் சொல்லிக்கொடுக்கப் போனேன். தூத்துக்குடியில் எங்கள் சபையிலிருந்து ஊழியத்துக்கென்று ஒரு குழு கிளம்பியது. மற்றவர்கள் பிரசங்கம் பண்ணவும் பாடவும் ஜெபிக்கவும் போனார்கள். நான் மெஷின் மிதிக்கவும் மிச்ச நேரத்தில் அவர்களுக்குச் சமைக்கவும் போனேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. சும்மா உட்கார்ந்திருப்பவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. ஓய்வு என்பது சோம்பேறிகள் கண்டுபிடித்த வார்த்தை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

எங்களை அழைத்த பாஸ்டரின் சின்ன சபை பாண்டிருப்புப் பக்கம். ஆண்கள் அவர் வீட்டிலேயே தங்கினார்கள். பெண்களுக்குக் கல்முனைக்குடியில் ஒரு முஸ்லிம் வீட்டின் மாடியை வாடகைக்குப் பிடித்திருந்தார். "அந்த ஊர்லயா தங்கப்போற? பாத்து இரு" என்று கிளம்பும்போதே எங்கள் தெருவில் பயமுறுத்தி அனுப்பியிருந்தார்கள். அதனால் வீட்டுக்காரம்மாவிடம் முதலில் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவரும் பேசவில்லை. மகன்கள் கத்தாரில், கணவர் இல்லை. ஒழுங்கை என்று அவர்கள் சொல்லும் அந்தச் சந்தில் எல்லோரும் அவரை, அக்கா என்பதுபோல், ராத்தா என்றார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

மழை விடவேயில்லை. ஒழுங்கையில் கணுக்கால் அளவுத் தண்ணீர், அதற்குமேல் கொசு. ராத்தா காலையில் எழுந்ததும் முற்றத்தில் கிடக்கும் சிரட்டை, வாளி, பூந்தொட்டி எல்லாவற்றையும் கவிழ்த்துப்போடுவார். ஒருநாள் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஒரு மரண அறிவித்தல் வந்தது. அடுத்த ஒழுங்கையில் ஒரு இளம் தாய். ராத்தா துடைப்பத்தைப் பிடித்தபடி முழுவதையும் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "டெங்கு" என்றார். அதுதான் என்னிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை.

எனக்குக் காய்ச்சல் வந்தது அடுத்த வாரம். கண்ணுக்குப் பின்னால் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவதுபோல் வலி. குழுத் தலைவர்தான் வேனில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். இரத்தம் பார்த்த டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னார்: நிறையக் குடிக்க வேண்டும், தினமும் இரத்தம் பார்க்க வேண்டும், காய்ச்சல் விட்டதும் சந்தோஷப்படாமல் உடனே வர வேண்டும், ஆபத்து அப்போதுதான் தொடங்கும். தலைவர் பக்கத்தில்தான் இருந்தார். தலையாட்டினார். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

படுத்துக் கிடப்பது எனக்குக் காய்ச்சலைவிட மோசமாக இருந்தது. தையல் வகுப்பு நின்றுபோனது. குழுவினர் கடைச் சாப்பாடு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். ராத்தா கஞ்சியும் இளநீரும் கொண்டுவந்து வைப்பார்.

"பாத்திரத்தையாவது நான் கழுவிர்றேன் ராத்தா."

"கழுவுங்க. பொறகு ஒங்கட மையித்த நான் கழுவணும். வேதக்காரங்கள எப்புடிக் கழுவுற எண்டு எனக்குத் தெரியாகா. படுங்க."

மையித்து என்றால் பிணம் என்று மாடியில் என்னோடு தங்கியிருந்த குழுப் பெண் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்தது, பயமும் வந்தது.

ஒரு காலையில் உடம்பு ஜில்லென்று இருந்தது. காய்ச்சல் விட்டிருந்தது. செய்தி போன உடனே தலைவர் வந்தார். முந்தின நாள் சபை முழுவதும் எனக்காக உபவாசம் இருந்ததாம். "கர்த்தர் பெரிய காரியம் செஞ்சிருக்கார் சிஸ்டர். இன்னைக்குச் சாயங்காலக் கூட்டத்துல நீங்கதான் சாட்சி சொல்றீங்க" என்றார்.

இரத்தப் பரிசோதனை பற்றி நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. எனக்கு ஆசை. இத்தனை வருடம் சபைக்காகச் சமைத்திருக்கிறேன், தைத்திருக்கிறேன், பெருக்கியிருக்கிறேன். மேடையில் ஏறு என்று ஒருவரும் சொன்னதில்லை. மத்தியானம் வயிறு பிசைந்தது. இரண்டு முறை வாந்தி. கை கால் குளிர்ந்துகொண்டே வந்தது. யாரிடமும் சொல்லாமல் நல்ல சேலையை எடுத்துக் கட்டினேன்.

சாயங்காலம் மாடிப்படி இறங்கி வந்தால் கேட் பூட்டியிருந்தது. வெளியே மழையில் வேன் நின்றது. தலைவர் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றார். ராத்தா இந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, இது எங்க விசுவாசம். நீங்க தலையிடாதீங்க."

"ஒங்கட விசுவாசத்துல நான் தலையிடல்ல தம்பி. என்ட கேட்டுலதான் தலையிடுறன். ஆஸ்பத்திரிக்கெண்டா துறக்கிறன். கூட்டத்துக்கெண்டா ஏலா."

நான் கத்தினேன். "என்னைத் தடுக்க நீங்க யாரு?"

"வீட்டுக்காரி" என்றார். "ஒங்கட கையக் கொஞ்சம் தாங்க பாப்பம்."

கொடுக்கவில்லை. கொடுப்பதற்குள் முழங்கால் மடிந்தது. ஈரப் படியில் நல்ல சேலையோடு உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க முடியவில்லை. தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நீங்க ரெஸ்ட் எடுங்க சிஸ்டர், நாங்க ஜெபிச்சுக்குறோம்" என்றார். வேன் போய்விட்டது. இதை எத்தனை தரம் நினைத்தாலும் பல்லைக் கடிக்கத்தான் வருகிறது. அவர் கெட்டவர் இல்லை. கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது, அவ்வளவுதான்.

ராத்தா சந்தியிலிருந்து ஆட்டோவைக் கூப்பிட்டார். வார்டில் போய்ப் படுக்கும்போது என் நாடி கையில் சிக்கவில்லை என்று பிறகு சொன்னார்கள். இரண்டு கையிலும் ஊசி குத்தி சேலைன் ஏற்றினார்கள். அங்கே நர்ஸை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். மிஸ்ஸி ஒரு பிளாஸ்டிக் ஜாடியை நீட்டி, சிறுநீரை அதில்தான் பிடிக்க வேண்டும், அளக்காமல் ஒரு சொட்டும் போகக்கூடாது என்றாள். நானாக எழுந்து பிடிக்கவும் முடியவில்லை. ராத்தா பிடித்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "வெக்கப்படாதீங்க, என்ட உம்மாக்கும் புடிச்சிருக்கன்" என்றார். அதே நேரம் கூட்டத்தில் என் புகைப்படத்தைத் திரையில் போட்டு, பூரண சுகம் கிடைத்தது, சகோதரி இப்போது ஓய்வெடுக்கிறார் என்று தலைவர் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். வீடியோவும் எடுத்திருக்கிறார்கள்.

மறுநாள் மாடியில் கூடத் தங்கியிருந்த பெண் வந்து இதைச் சந்தோஷமாகச் சொன்னாள். கூட்டத்தில் நிறையத் தாய்மார் அழுதார்களாம். அந்தத் தாய்மாரின் வீடுகளில் எத்தனை பிள்ளைகள் காய்ச்சலில் கிடக்கின்றன? காய்ச்சல் விட்டால் அவர்கள் என்ன செய்வார்கள்?

பார்வை நேரத்தில் உள்ளூர் பாஸ்டர் ஆரஞ்சுப் பழப் பையோடு வந்தார். எனக்குச் சுகமாகவில்லை, சாகக் கிடந்தேன் என்று சபையில் சொல்லச் சொன்னேன்.

"அக்கா, அவங்க விருந்தாளிகள். நாளண்டைக்குப் போயிருவாங்க. நான் இஞ்சதான் இரிக்கணும்."

"அதனாலதான் உங்ககிட்ட சொல்றேன். இங்க இருக்கப்போறது நீங்க."

அவர் பையை வைத்துவிட்டுப் போனார். நானே போய்ச் சொல்கிறேன் என்று ஊசியோடு எழுந்தேன். தலை சுற்றியது. மிஸ்ஸி தோளைப் பிடித்து அழுத்தினாள். "விழுந்து மண்டையில அடிபட்டா இரத்தம் நிக்காது. ஒங்களுக்கு விளங்குதா?" விளங்கியது. என் வாழ்க்கையில் ஒரு வேலையை அடுத்தவர் கையில் விட்டுவிட்டுப் படுத்திருந்தது அன்றுதான். அதுவும் பயந்துபோன ஒரு மனிதர் கையில். ஜெபிக்கலாம் என்றால், செய் என்று ஆண்டவருக்கே உத்தரவு போட்டுத்தான் எனக்குப் பழக்கம். அன்றைக்கு உத்தரவு வாயில் வரவில்லை. மழைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன். வாசலில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு யாராவது ஓடினால், அந்தத் தாய் கூட்டத்துக்கு வந்தவளோ என்று முகத்தைத் தேடினேன்.

அடுத்த நாள் அப்படி ஒருத்தி என் கட்டிலருகே வந்து நின்றாள். சேலை முழங்கால்வரை நனைந்திருந்தது.

"நீங்கதானே அந்தப் படத்துல இருந்த அக்கா?"

"ஆமா."

"மகளுக்கு நேத்துக் காச்சல் விட்டுட்டு. சுகமெண்டு இருந்தன். பாஸ்டர் காலையில வந்து செல்லித்தான் தூக்கிட்டு வந்தன். இப்ப மட்டக்களப்புக்கு அனுப்புறாங்களாம். அம்புலன்ஸ் நிக்குது."

பாஸ்டர் மேடையில் ஒன்றும் சொல்லவில்லை. மழையில் வீடு வீடாகப் போயிருக்கிறார். அவள் ஜெபிக்கச் சொல்லிக் கையை நீட்டினாள். பிடித்துக்கொண்டேன். ஒரு வாக்குறுதியும் கொடுக்கவில்லை.

குழு ஊருக்குப் போனது. நான் ராத்தா வீட்டில் இரண்டு வாரம் கிடந்தேன். ஒரு கோப்பையைக்கூடக் கழுவ விடவில்லை. நான் செய்யாமலே வீடு நடந்தது, ஒழுங்கை நடந்தது, சபை நடந்தது. முதலில் அது எனக்குக் கோபத்தைத்தான் தந்தது. பிறகு அந்தக் கோபத்துக்கும் தெம்பில்லாமல் தூங்கினேன். பகலில் தூங்கினேன். யாரும் என்னைத் திட்டவில்லை. அந்தப் பிள்ளை பிழைத்துவிட்டதாகப் பாஸ்டர் வந்து சொன்னபோதும் தூங்கிக்கொண்டுதான் இருந்தேனாம். ராத்தா எழுப்பவில்லை.

ஊர் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். ஏறினேன். காய்ச்சல் விட்ட நாளில் நான் சாகப் போனேன், ஒரு முஸ்லிம் அம்மா கேட்டைப் பூட்டியதால் இருக்கிறேன் என்று சொன்னேன். யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. அதற்குப் பிறகு கூப்பிடவுமில்லை. அந்தப் பழைய வீடியோவை மட்டும் யாரும் அழிக்கவில்லை. கேட்டேன், சண்டையும் போட்டேன். போன மாதம், இங்கே காய்ச்சல் பரவ ஆரம்பித்ததும், முன்பின் தெரியாத ஓர் எண்ணிலிருந்து எனக்கே அது வந்தது. என் படம், பூரண சுகம் என்ற எழுத்து. கீழே, பத்துப் பேருக்கு அனுப்புங்கள் என்று போட்டிருந்தது.