வெள்ளை நூலைப் பார்க்கும் விதம்

வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் இருபத்திரண்டு வருசம் பஞ்சு பொறுக்கினேன். பள்ளிக்கூடம் பக்கம் அதிகம் ஒதுங்கியவள் இல்லை. ஆனால் இந்த வேலையில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பஞ்சை மேஜையில் பரப்பி, அதில் கிடக்கிற தலைமுடி, கோழி இறகு, கலர் நூல் எல்லாம் எடுத்துப் போடவேண்டும். ஒன்று தப்பினாலும் நூலோடு நூலாகப் போய், துணியில் சாயம் ஏறாமல் பல்லிளிக்கும்.

அதில் கஷ்டமானது, காட்டில் பருத்தி எடுத்துப் போடுகிற பிளாஸ்டிக் உரச்சாக்கிலிருந்து வருகிற வெள்ளைப் பிசிறு. வெள்ளைப் பஞ்சுக்குள் வெள்ளை நூல். மேஜையில் நின்ற பன்னிரண்டு பேரில் அதை விடாமல் எடுக்கிறவள் நான்தான். நூல் வாங்க வருகிறவர்களுக்கு மேனேஜர் என் மேஜையைத்தான் காட்டுவார்.

பிறகு கேமரா மிசின் வந்தது. ஏஐ என்றார்கள். பஞ்சு குழாயில் பறந்து போகும்போதே பார்த்து, அழுக்கைக் காற்றால் தள்ளிவிடும். முடி, கலர் நூல் எல்லாம் பிடித்தது. வெள்ளை நூலை மட்டும் விட்டது. அதனால்தான் எங்களை மேஜையில் வைத்திருந்தார்கள். பன்னிரண்டு பேர் சோறும் அந்த நூலில்தான் இருந்தது. எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

எதிர் மேஜைக்காரி புருசன் இல்லாதவள், இரண்டு பெண் பிள்ளைகளை ஹாஸ்டலில் விட்டுப் படிக்க வைத்தாள். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் என் தட்டில் கத்திரிக்காய் வெஞ்சனத்தை வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்:

"அக்கா, அந்த மிசின்கார சார் எது கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லிரு."

சரி என்றேன்.

மிசினுக்கு வெள்ளை நூல் ஏன் தெரியவில்லை என்று பார்க்க வந்த அந்த எஞ்சினியர் மரியாதையான ஆள்தான். ஒரு மத்தியானம் என் பக்கத்தில் வந்து செத்த நேரம் நின்று பார்த்தார். அப்புறம் மேனேஜரிடம் திரும்பி, அந்தம்மா கண்ணுக்குத் தெரிந்து எடுக்கவில்லை, குத்துமதிப்பாக எடுக்கிறார், சில நேரம் மாட்டுகிறது என்றார்.

குத்துமதிப்பாம். இருபத்திரண்டு வருசம்.

"இங்க வாங்க சார்" என்றேன். ஒரு கை பஞ்சை எடுத்துச் சன்னல் பக்கம் நீட்டினேன். "நேராப் பாத்தா நாள் பூரா பாத்தாலும் தெரியாது. வெளிச்சம் பக்கவாட்டுல விழுகணும், தலையச் சாச்சுப் பாக்கணும். பஞ்சு மின்னாது. சாக்கு நூல் மின்னும்."

அவரும் தலையைச் சாய்த்தார். தெரிந்துவிட்டது. அம்மா, நீங்கதான் எனக்கு வாத்தியார் என்றார். எனக்கு அப்போது இருந்த பூரிப்பைச் சொல்லி மாளாது. எதிர் மேஜைக்காரி மட்டும் குனிந்த தலை நிமிரவில்லை.

மிசினில் பக்கவாட்டில் இரண்டு விளக்கு மாட்டினார்கள். அடுத்த மாதமே மேஜைகளை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். என்னைக் கடைசிவரை வைத்திருந்து, சால்வை போர்த்தி அனுப்பினார்கள். அது பெட்டிக்கு அடியில் கிடக்கிறது.

நீ சொல்லாவிட்டாலும் எவனாவது கண்டுபிடித்திருப்பான் என்கிறான் என் மகன். இருக்கலாம். ஆனால் எதிர் மேஜைக்காரியின் மூத்த பிள்ளை படிப்பு முடிய அப்போது ஒரு வருசம்தான் பாக்கி. அந்த ஒரு வருசம் நான் வாயை மூடியிருந்தால் போதும்.

போன வாரம் பஸ்ஸில் அவளைப் பார்த்தேன். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளி தரம் பிரிக்கப் போகிறாளாம். பக்கத்தில் மூத்தவள், படிப்பை விட்டுவிட்டு அவளும் அதே வேலைக்கு. எனக்கு இடம் கொடுத்து உட்காரவைத்தாள். வீட்டில் எல்லாரையும் விசாரித்தாள். இறங்கும்போதுதான் சொன்னாள்:

"அங்கயும் கேமரா வரப்போகுதாம்க்கா. நீ மட்டும் அந்தப் பக்கம் வந்துறாத."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நாளைக்கே ஒருத்தர் வந்து, உனக்குத் தெரியாது என்று சொன்னால், நான் தலையைச் சாய்த்துக் காட்டத்தான் செய்வேன். இந்த வயசில்தான் என்னைப் பற்றி அது எனக்கே தெரிகிறது. அவளுக்கு, என் தட்டில் வெஞ்சனம் வைத்த அன்றைக்கே தெரிந்திருக்கிறது.